கயிற்றின் மறுமுனையை யார் பிடிப்பது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மாற்றுத்திறனாளிகள் குழுப் பிரதிநிதி ஆற்றிய உரை)

  எத்தனை பேர் வந்திருக்கீங்கன்னு என்னால் பார்க்க முடியாது. ஆனால் சத்தத்தை வைத்தே சொல்றேன், மண்டபம் நெறஞ்சிருக்கு.

என்னைத் 'தன்னம்பிக்கை' பற்றிப் பேசச் சொன்னார்கள். கண் தெரியாதவர்களை மேடையேற்றினாலே பெரும்பாலும் இந்தத் தலைப்புதான் கிடைக்கும். தலைவி அக்காவிடம் அனுமதி கேட்டு நான் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இன்றைக்கு ஓட்டப்பந்தயம் பற்றிப் பேசப் போகிறேன். பார்வை இல்லாத பெண்கள் உலக அளவில் ஓடி ஜெயித்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதுதான் பேச்சு. 'கடவுள் கொடுத்த வரம், அதிசயம்' என்று சொல்லிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், நம்ம ஊரில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். கண் தெரியாது என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியாது என்று அர்த்தம் இல்லை. எனக்கு வெளிச்சமும் தெரியாது. எங்கள் குழுவிலேயே ஒரு அக்காவுக்கு ஆள் வருவது நிழல் மாதிரி தெரியும், முகம் தெரியாது. இன்னொரு தங்கச்சிக்குப் பகலில் ஓரளவு தெரியும், சாயங்காலம் விளக்கு வைத்தால் ஒன்றும் தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பந்தயம் நடத்துகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டத்தில் மூன்று பிரிவு. டி11 என்பது முழுப் பார்வையிழப்பு, அல்லது கிட்டத்தட்ட முழுப் பார்வையிழப்பு. டி12, டி13 என்பவை குறைந்த பார்வை உள்ளவர்களுக்கு. டி11 பிரிவில் ஓடுகிற எல்லோரும் கண்ணை முழுவதும் மறைக்கும் பட்டை கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். ஒருத்தருக்குத் துளி வெளிச்சம் தெரிந்து இன்னொருத்தருக்குத் தெரியாவிட்டால் அது நியாயமான பந்தயம் இல்லையே, அதற்காக. அவர்கள் கூட ஒரு வழிகாட்டி ஓடுவார். டி12-இல் வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். டி13-இல் தனியாகத்தான் ஓட வேண்டும்.

வழிகாட்டியையும் ஓடுகிறவரையும் சேர்ப்பது ஒரு சின்னக் கயிறு. அதன் நீளம் 30 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் ஸ்கேல் இருக்கிறதே, அவ்வளவுதான். ரப்பர் மாதிரி இழுபடக் கூடாது. இந்த முனையை இவர் பிடித்துக்கொள்வார், அந்த முனையை அவர். இரண்டு பேரின் கையும் ஒன்றாக வீசும், காலும் ஒன்றாக விழும். வழிகாட்டி காதோடு சொல்லிக்கொண்டே வருவார்: 'வளைவு வருது', 'நேரா இருக்கு', 'முன்னால ஒருத்தர் போறாங்க', 'இன்னும் நூறு மீட்டர்'.

இந்தக் கயிற்றுக்கு இரண்டு கண்டிப்பான விதி உண்டு. ஒன்று, வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. இரண்டு, எல்லைக்கோட்டை ஓடுகிறவர்தான் முதலில் தாண்ட வேண்டும். வழிகாட்டி ஒரு அடி முந்தினாலும் இரண்டு பேரும் வெளியே. அதாவது வழி சொல்லலாம், ஓட்டம் அவளுடையது. குழுவில் ஊக்குநர் கூடவே பேங்க் வரைக்கும் வருவாங்க, எந்தப் படிவம் என்று சொல்வாங்க. ஆனால் கடனை வாங்குவதும் கட்டுவதும் நாமதானே. அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை விட்டாலும் விடமாட்டார்கள். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் ஸ்பெயின் நாட்டு எலெனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். 42 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. எல்லைக்கோட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் பாக்கி. அந்த நேரம் அவருடைய வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு வந்து விழப் பார்த்தார். எலெனா சட்டென்று கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். அடுத்த நொடியே கயிற்றைப் பிடித்து ஓட்டத்தை முடித்தார். கயிற்றை விட்டது விதி மீறல் என்று அன்றே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அது சரியா தப்பா என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. எப்போதும் வழிகாட்டிதான் தாங்குவார் என்று நினைக்கிறோம். அன்றைக்குப் பார்வை இல்லாதவர்தான் பார்வை உள்ளவரைத் தாங்கினார்.

இப்போது நம்ம பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கர்நாடகா, சிக்கமகளூரு மாவட்டம். அங்கே ஒரு கிராமத்துப் பெண் ரக்ஷிதா ராஜு. பிறவியிலேயே பார்வை இல்லை. சின்ன வயதிலேயே அம்மா அப்பா இரண்டு பேரையும் இழந்துவிட்டார். வளர்த்தது பாட்டி. அந்தப் பாட்டிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. நினைத்துப் பாருங்க. பேத்தி சைகையைப் பார்க்க முடியாது, பாட்டி குரலைக் கேட்க முடியாது. அந்த வீட்டில் இருந்த மொழி தொடுவதுதான். 'இது இனி என்ன ஆகப் போகுது' என்று ஒதுக்கிவைக்க ஊருக்கு எத்தனை காரணம் இருந்திருக்கும்! ஆனால் அந்தப் பெண்ணைப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே விளையாட்டு ஆசிரியர் அவர் காலில் இருந்த வேகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு ராகுல் பாலகிருஷ்ணா என்கிற ஓட்டக்காரர் அவருக்கு வழிகாட்டியாகவும் பயிற்சியாளராகவும் வந்தார்.

2018-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டி. 1500 மீட்டர் டி11 பிரிவில் ரக்ஷிதாவுக்குத் தங்கம். 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் அதே ஓட்டத்தில் மறுபடியும் தங்கம். 1500 மீட்டர் என்றால் மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஸ்கேல் நீளக் கயிற்றில், இன்னொருத்தர் காலோடு கால் தப்பாமல், முழு வேகத்தில். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தப் பிரிவில் 1500 மீட்டர் ஓடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அங்கே இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். பதக்கம் வாங்கினால்தான் ஓடியதற்கு அர்த்தம் என்று நம்ம பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது.

அதே பாரிஸில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சிம்ரன் சர்மா 200 மீட்டர் டி12-இல் வெண்கலம் வாங்கினார். கூட ஓடிய அபய் சிங்குக்கும் மேடையில் பதக்கம் போட்டார்கள். ஒரு ஓட்டம், இரண்டு பதக்கம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவரையும் உலகம் ஓட்டக்காரராகவே மதிக்கிறது.

பிரேசில் நாட்டில் டெரெசின்யா கில்யெர்மினா என்று ஒருவர். ஏழைக் குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகள், அதில் பலருக்கும் பிறவியிலேயே பார்வைக் குறைபாடு. அவர் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஓட்டமும் நீச்சலும் சொல்லித் தருகிறோம் என்று அறிவித்தபோது டெரெசின்யா நீச்சலில்தான் பெயர் கொடுத்தார். காரணம், அவரிடம் நீச்சல் உடை இருந்தது, ஓடுவதற்கு ஷூ இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னார். அக்கா தன்னுடைய ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த ஷூவில் தொடங்கியவர் பாராலிம்பிக் தங்கம் வரைக்கும் போனார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அவருடைய வழிகாட்டி தடுமாறி விழுந்துவிட்டார். டெரெசின்யாவும் அவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பந்தயம் போச்சு. ஆனால் அதே லண்டனில் அதே வழிகாட்டியோடு 100 மீட்டரில் தங்கம் ஜெயித்தார். விழுந்த ஆளை மாற்றவில்லை. ஒரு மாசம் தவணை தவறினதுக்காக உறுப்பினரைக் குழுவை விட்டே அனுப்பிடறோமா? அப்படித்தான்.

குறைந்த பார்வை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊரில் அதிகம் தப்பிப்போவது அந்தப் பிள்ளைகள்தான். அமெரிக்காவில் மார்லா ரன்யன் என்கிற ஓட்டக்காரருக்கு ஒன்பது வயதில் விழித்திரை நோய் வந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் தெரியாது, ஓரப் பார்வை மட்டும் இருக்கும். 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. 2000-இல் சிட்னியில் நடந்த ஒலிம்பிக்கிலேயே, நன்றாகக் கண் தெரிகிறவர்களோடு, 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடி எட்டாவதாக வந்தார். வழிகாட்டி கிடையாது, கயிறு கிடையாது. இப்படி நடுப்பார்வை போன பிள்ளை நம்ம பள்ளிக்கூடத்தில் இருந்தால் என்ன சொல்வார்கள்? போர்டைப் பார்த்து எழுத மாட்டாள், மனுசர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். 'மக்கு', 'திமிரு' இரண்டில் ஒரு பட்டம் கிடைக்கும். உங்கள் தெருவில் அப்படிப் பட்டம் வாங்கிய பிள்ளை இருந்தால், முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்க.

இனி என் கதை, சுருக்கமாக. நான் சாம்பியன் இல்லை. ஆனால் ஓடியிருக்கிறேன். பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் படிக்கும்போது எங்கள் விளையாட்டு டீச்சர் என்னோடு ஓடுவார். 800 மீட்டர் எனக்கு நல்லா வரும். லீவுக்கு ஊருக்கு வந்தால் கூட ஓட ஆள் கிடையாது. எங்க சித்திதான் ஒரு பாவாடை நாடாவை எடுத்து ஒரு முனையை என் கையிலும் இன்னொரு முனையைத் தன் கையிலும் சுற்றிக்கொண்டு, விடியக்காலையில் கம்மாய்க் கரையில் என்னோடு வேகவேகமாக நடப்பாள். அவளால் ஓட முடியாது. ஆனால் கல் கிடக்கு, பள்ளம் இருக்கு, மாடு வருது என்று ஒன்றையும் விடாமல் சொல்வாள். பத்தாவது முடிந்தது. அந்த டீச்சர் மாறுதலாகிப் போனார். சித்திக்கு முட்டி வலி வந்தது. என் ஓட்டம் அதோடு நின்றது. ஓட வராமல் நிற்கவில்லை. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் நின்றது. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நம்ம கூட்டமைப்பில் உள்ள ஒரு உறுப்பினரின் பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. பெயரும் ஊரும் மேடையில் சொல்ல மாட்டேன். பார்வை மிகவும் குறைவு. நல்லா ஓடுறாள் என்று பள்ளியிலேயே சொல்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது மாவட்ட விளையாட்டு அரங்குக்குக் கூட்டிவாங்க என்கிறார்கள். அம்மா கூலி வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பாட்டிக்கு வேறொரு தயக்கம். 'வயசுக்கு வரப் போற பிள்ளை, ஆம்பளைகூடக் கயிறு கட்டிக்கிட்டு ஓடுறதா, ஊர் என்ன பேசும்?' என்கிறார்.

அந்தப் பாட்டியைப் பழைய காலத்து ஆள் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பயம் நியாயமானது. நான் சொன்ன ரக்ஷிதா, சிம்ரன், டெரெசின்யா மூன்று பேரும் ஆண் வழிகாட்டியோடுதான் ஓடினார்கள். காரணம், வழிகாட்டி ஓடுகிறவரைவிட வேகமாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே ஓட மூச்சும் மிச்சம் இருக்க வேண்டும். உலக அளவில் ஓடும் பெண்ணைவிட வேகமான இன்னொரு பெண் கிடைப்பது கஷ்டம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்லையே! பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற, ஓடத் தெரிந்த ஒரு அக்கா போதும். அப்படி எத்தனை பெண் பிள்ளைகள் உங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நாளைக்கு இவள் வளர்ந்து ஆண் வழிகாட்டி தேவைப்பட்டால், மைதானத்தில் நம்மில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் ஊர் பேச என்ன இருக்கு?

கூடப் போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். பார்வை இல்லாதவர்களைக் கையைப் பிடித்து இழுக்காதீங்க, முதுகில் கை வைத்துத் தள்ளாதீங்க. உங்கள் முழங்கையை நீட்டுங்க, நாங்கள் பிடித்துக்கொள்வோம். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் 'படி ஏறுது', 'படி இறங்குது' என்று சொல்லுங்க. இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, சொல்ல வேண்டும். பாராலிம்பிக் விதியும் இதுதான், கடைத்தெரு விதியும் இதுதான்.

தனி ஓட்டம் பிடிக்காத பிள்ளைக்குக் குழு விளையாட்டும் உண்டு. 2023-இல் பர்மிங்காமில் நடந்த பார்வையற்றோர் உலக விளையாட்டில் நம் இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். 2025 நவம்பரில் பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பை நடந்தது. ஆறு நாடுகள். கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியில் நேபாளத்தை ஏழு விக்கெட்டில் ஜெயித்து, கர்நாடகாவின் டி.சி. தீபிகா தலைமையில் இந்தியா கோப்பையை வாங்கியது. பந்து கெட்டியான பிளாஸ்டிக். உள்ளே குண்டு மணிகள் இருக்கும், உருண்டு வரும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். பந்தைக் கையைத் தாழ்த்தி உருட்டிவிட வேண்டும். முழுப் பார்வையிழந்தவர், குறைந்த பார்வை உள்ளவர் எல்லோரும் ஒரே அணியில் கலந்திருக்க வேண்டும். முழுப் பார்வையிழந்தவர் எடுக்கும் ரன் இரண்டு மடங்காகக் கணக்காகும். அது சலுகை இல்லை. அந்த ரன்னுக்கு அவ்வளவு பாடு இருக்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? நாலே நாலு வேலை சொல்கிறேன்.

ஒன்று, கணக்கெடுங்க. உங்கள் ஊராட்சியில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் யார் யார்? கால்நடைக் கடனுக்கு எந்த வீட்டில் எத்தனை மாடு என்று நமக்குத் தெரியும். இது தெரிய வேண்டாமா?

இரண்டு, அந்தப் பிள்ளைக்கு மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிக் கொடுங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். அந்த அட்டை பள்ளிக்கும் உதவும், பந்தயத்துக்கும் உதவும்.

மூன்று, விளையாட்டில் பெயர் கொடுங்க. நம் மாநிலத்தில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்க. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் பங்கெடுக்க வழி செய்வது அரசின் கடமை என்று சொல்கிறது. ஆகவே கேட்கும்போது குனிந்து கேட்க வேண்டியதில்லை.

நான்கு, முறை போட்டுக்கொள்ளுங்க. மாசத்துக்கு நாலு சனிக்கிழமை. நாலு பேர் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளையோடு மைதானத்துக்குப் போனால், ஒருத்தருக்கு மாசத்தில் ஒரு நாள்தான். பஸ் செலவுக்குக் கூட்டமைப்பு ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். அந்த அம்மாவின் கூலியும் போகாது, பாட்டியின் பயமும் குறையும்.

இந்தக் கோரிக்கையை எழுதி, பிரெய்லியில் ஒன்றும் சாதாரண எழுத்தில் ஒன்றுமாகத் தலைவி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிப்பதாகச் சொல்லியிருக்காங்க. நீங்கள் சம்மதித்தால் அது தீர்மான நோட்டில் ஏறும். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்க. என்னால் வழி பார்க்க முடியாது. ஆனால் ஓட்டச் சத்தத்தைக் கேட்டே, கால் சரியாக விழுகிறதா என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியும். மீதி மூன்று சனிக்கிழமைக்குப் பெயர் வேண்டும். கூட்டத்துக்கு வரும்போது யோசித்துவிட்டு வாங்க.